பஸ்தியானின் வருகையில் குறைவில்லை

பஸ்தியான் கடலோடு போன சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு, குறிஞ்சிப்பிட்டி விடுதியில் அவனுடைய வருகை முறைப்படி பதியப்பட்டது. பதிந்தவர் வார்டன் அன்ரனிப்பிள்ளை. "பெரசன்ட், சேர்" என்று பஸ்தியானின் குரலில் பதில் சொன்னவன் பதுர்தீன்.

இதற்காகப் பதுர்தீனைப் பெரிதாகக் கோபிக்க முடியாது. ஒன்றரை வருஷமாக அவன் பார்த்துவந்த வேலைதான் அது. பஸ்தியானின் ஊர் பள்ளிவாசல்துறை. விடுதியிலிருந்து நடக்கிற தூரம். தகப்பன் இல்லாத வீடு. சனிக்கிழமைகளில் மாமனுடைய வள்ளத்தில் அவன் தொழிலுக்குப் போனால்தான் தாய் மக்டலினின் அடுப்பு எரியும். போகிறபோது பதுர்தீனின் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, "மச்சான், இண்டைக்கு என்ட வாயையும் நீயே வச்சுக்க" என்பான். கரகரத்த தொண்டை அவனுக்கு. 'பிரசன்ட்' என்பதைப் 'பெரசன்ட்' என்று இழுப்பான். அந்த இழுவையை அச்சாகப் பிடித்து வைத்திருந்தான் பதுர்தீன்.

யுத்த காலம். கொழும்பில் குண்டு விழுந்ததும் அங்கிருந்த ஒரு பட்டக் கல்லூரி தன் மாணவர்களை நாலு திசைக்கும் அனுப்பிவைத்தது. புத்தளம் பக்கம் வந்து சேர்ந்தவர்கள் நாலு பேர். சிலாபத்து அல்பிரட், புத்தளத்துப் பதுர்தீன், பள்ளிவாசல்துறைப் பஸ்தியான், யாழ்ப்பாணத்துக் கனகரத்தினம். தென்னந்தோட்டம் ஒன்றின் நடுவே ஒரு பழைய பங்களா. விரிவுரைகள் தபாலில் வரும். மழைக்காலத்தில் நனைந்து வரும். சில வாரம் வராது. அதைப்பற்றிக் கல்லூரி அலட்டிக்கொள்ளவில்லை. பட்டத்துக்கு முக்கியமானது விடுதிவாசம். இருநூற்று நாற்பது மாலைகள் விடுதியில் வசித்தவனுக்குத்தான் பட்டம். வசித்தல் என்றால் என்ன என்று சட்டப் புத்தகம் தெளிவாகச் சொல்லியிருந்தது: மாலை ஆறு மணிக்குப் பெயர் கூப்பிடும்போது பதில் வருதல். மற்ற நேரத்தில் மாணவன் உயிரோடு இருக்கிறானா என்பது கல்லூரியின் அக்கறைக்குள் வரவில்லை.

மாணவர்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்ததும் அன்ரனிப்பிள்ளை வருகை இடாப்பை விரித்து, தலை குனிந்து, பெயர் கூப்பிடுவார். பதில் வந்ததும் ஒரு கோடு. தலையை நிமிர்த்தவே மாட்டார். அதில் அவருக்குப் பெருமை உண்டு. "இருபத்திரண்டு வருஷ சேவையில் ஒரு மாணவனின் முகத்தையும் நான் பார்த்ததில்லை. முகம் பார்த்தால் பாரபட்சம் வரும்" என்று பரிசளிப்பு விழாவில் பேசியிருக்கிறார். கைதட்டலும் வாங்கியிருக்கிறார்.

ஞாயிறு காலையில் செய்தி வந்தது. சனி பின்னேரம் நாலு மணிபோல் காற்று திரும்பி வள்ளம் கவிழ்ந்துவிட்டது. மாமன் நீந்திக் கரை சேர்ந்தார். பஸ்தியான் சேரவில்லை. மூன்று பேரும் கரைக்கு ஓடினார்கள். வெயில் சாயும் வரை நின்றார்கள். ஆறு மணிக்குப் பயந்து விடுதிக்குத் திரும்பினார்கள். அன்றைக்கும் பெயர் கூப்பிடப்பட்டது. பதுர்தீனுக்கு அடுத்த பெயர் பஸ்தியான். தன் பெயருக்குப் பதில் சொன்ன மூச்சிலேயே, பழக்கதோஷத்தில், பதுர்தீனின் வாய் மறுபடியும் திறந்தது.

"பெரசன்ட், சேர்."

கோடு விழுந்தது. கனகரத்தினம் கையிலிருந்த சோற்றைக் கோப்பையில் போட்டான்.

திங்கட்கிழமை மூவரும் வார்டனிடம் போனார்கள்.

"சேர், பஸ்தியான் செத்துப்போனான்" என்றான் கனகரத்தினம்.

வார்டன் இடாப்பைத் திறந்தார். "எப்போது?"

"சனிக்கிழமை, நாலு மணிபோல, சேர்."

"சனி மாலை ஆறு மணிக்கு ஆள் இருந்திருக்கிறார். நேற்றும் இருந்திருக்கிறார்." விரலால் கோடுகளைத் தடவிப் பார்த்தார். "நாலு மணிக்கு இறந்தவர் ஆறு மணிக்குப் பதில் சொல்ல முடியாது. இவர் சொல்லியிருக்கிறார். ஆகவே இறக்கவில்லை. இதற்குத் தர்க்கம் என்று பெயர். முதலாம் வருஷத்திலேயே தபாலில் அனுப்பியிருப்பார்களே."

"மாமன்காரர் கண்ணால கண்டவர், சேர்" என்றான் அல்பிரட். "அனே ஐயோ, வள்ளம் கவிண்டு கரையில கிடக்குது."

"வள்ளம் நம்முடைய இடாப்பில் இல்லை" என்றார் வார்டன். "ஒரு மாணவர் விடுதியை விட்டு விலக விரும்பினால் அதற்கும் வழி இருக்கிறது. பதினாலு நாளுக்கு முன்னால் தன் கைப்பட விண்ணப்பிக்க வேண்டும். பஸ்தியான் விண்ணப்பிக்கவில்லை. சொல்லாமல் போகிற ஆளும் அல்ல அவர். இந்த விடுதியில் ஒரு மாலைகூடத் தவறாதவர் அவர் ஒருவர்தான்."

அது உண்மை. மற்றவர்களுக்குக் காய்ச்சல் வந்தது, கலியாணவீடு வந்தது. பஸ்தியான் இல்லாத நாளில் மட்டும் பதுர்தீன் தவறாமல் இருந்தான்.

உண்மையைச் சொல்லப் பதுர்தீன் வாயெடுத்தான். சுவரில் தொங்கிய அறிவித்தலைப் பார்த்தான். பிறர் பெயருக்குப் பதில் சொல்பவனின் மாலைகள் முழுவதும் தள்ளுபடி. அவன் வாப்பா புத்தளம் உப்பளத்தில் வேலை செய்கிறவர். உப்புத் தின்ற அவருடைய பாதங்கள் மழைக்காலத்திலும் ஆறுவதில்லை. மகன் பட்டம் வாங்கினால் அடுத்து வரும் முதலாந் திகதியே அரசாங்கக் கச்சேரியில் உத்தியோகம் என்று தெருவெல்லாம் சொல்லிவைத்திருந்தார்.

"இன்னொன்று" என்றார் வார்டன், தலை நிமிராமல். "ஒன்பதாம் பிரிவு. நாலு பேருக்குக் குறைந்தால் அது விடுதி ஆகாது. வெறும் வீடு. வெறும் வீட்டில் கழித்த மாலை பட்டத்துக்குச் சேராது. உங்களுக்கு இன்னும் எத்தனை மாலை இருக்கிறது?"

"இருபத்தாறு, சேர்."

"அப்படியானால் பஸ்தியான் உயிரோடு இருப்பது எல்லோருக்கும் நல்லது. போகலாம்."

வெளியே தென்னை நிழலில் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள்.

"இருபத்தாறு நாள்தானே, மச்சான்" என்றான் அல்பிரட் கடைசியில். "அவன் இருந்தாலும் இதைத்தானே சொல்லுவான்."

"அவன் இருந்தால் நாங்கள் ஏன் இதைக் கதைக்கிறம், விசரா" என்றான் கனகரத்தினம். கொஞ்ச நேரம் கழித்து அவனே, "இருபத்தாறு" என்று முணுமுணுத்தான்.

பதுர்தீனுக்குச் சொல்ல வேண்டிய வேலை ஆறு மணிக்கு இருந்தது.

அதன் பிறகு விடுதியில் எல்லாம் நாலு நாலாகவே நடந்தது. சமையற்காரர் பாயிஸ் நானா நாலு கோப்பை வைத்தார். வைக்க வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் அதிகாரம் இல்லை. நாலு பேருக்கென்று எழுதி வந்த கடதாசி அவர் குசினிச் சுவரில் ஒட்டியிருந்தது. நாலாவது கோப்பைச் சோற்றை யாரும் பார்க்காத நேரத்தில் அல்பிரட் சாப்பிட்டுவிடுவான். ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, கோப்பை வெறுமையாகக் கிடந்தது.

"இண்டைக்குக் கணவாய்க்கறி எண்டு முந்திட்டாய், என்ன?" என்று கனகரத்தினம் கேட்டான்.

அல்பிரட் வெளிறிப்போய், "நான் தொடவே இல்லடா" என்றான்.

பாயிஸ் நானா கோப்பையை எடுத்துக் கழுவப் போனார். "சாப்பிட்டா நல்லந்தானே, தம்பி" என்றார். "மிச்சம் விட்டாத்தான் நான் எழுதிக் குடுக்கணும்."

எட்டாம் நாள் மக்டலின் வந்தாள். படலைக்கு வெளியேதான் நின்றாள். பெண்கள் உள்ளே வரக்கூடாது என்பது விடுதிச் சட்டம். பதுர்தீன் படலைக்குப் போனான்.

"அவன்ட பெட்டியத் தாங்க, தம்பி" என்றாள். "உடம்புதான் கிடைக்கயில்ல. பட்டம் வாங்கையில போட எண்டு வெள்ளைக் கோட்டுத் தைச்சுக் குடுத்தனான். அது அந்தப் பெட்டிக்குள்ள இருக்குது. அதையெண்டாலும் மண்ணுக்குள்ள வைப்பம் எண்டு பங்குச் சுவாமி சொல்லுறார்."

மாணவர்களின் பெட்டிகள் எல்லாம் வார்டனின் அறைக்குள் பூட்டிக் கிடந்தன. பெட்டி வெளியே இருந்தால் மாணவன் சொல்லாமல் ஊருக்குப் போய்விடுவான் என்பது ஏற்பாடு. பதுர்தீன் உள்ளே போய்க் கேட்டான். வார்டன் பதிலை எழுத்தில் கொடுத்தார்: பெட்டி உரியவரின் கையில் மட்டும், கடைசி மாலையில், கையொப்பத்தின் பேரில். உரியவர் வராவிட்டால் பெட்டி கொழும்புக்கு அனுப்பப்பட்டு ஏழு வருஷம் பாதுகாக்கப்பட்டு எரிக்கப்படும்.

"ஏழு வருஷம்" என்று மக்டலின் திருப்பிச் சொன்னாள். தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவளுக்குத் தபாலில் ஒரு கடிதம் போனது. ஒவ்வொரு மாத முடிவிலும் பெற்றோருக்குப் போகிற கடிதந்தான். கோயில் மணியகாரர் வாசித்துக் காட்டினார். 'தங்கள் மகன் பஸ்தியான் விடுதியில் நலமாயிருக்கிறார். வருகையில் குறைவில்லை. நடத்தை அமைதி, சென்ற மாதத்தைவிட இம்மாதம் அதிக அமைதி.' கீழே முத்திரை.

அன்றைக்குத்தான் பதுர்தீன் ஒரு முடிவுக்கு வந்திருந்தான். அவள் படலையில் நின்ற நிலை ஏழு நாளாக அவன் கண்ணை விட்டுப் போகவில்லை. பட்டம் போனால் போகட்டும், இன்றைக்கு வாய் திறப்பதில்லை. பழக்கத்தில் திறந்துவிடக்கூடாது என்று தன் பெயருக்குப் பதில் சொன்னதும் முகம் துடைக்கிற லேஞ்சியைச் சுருட்டி வாய்க்குள் அடைத்துக்கொண்டான்.

"பஸ்தியான்" என்றார் வார்டன்.

பதில் இல்லை. யுத்த இருட்டடிப்புக்காக விளக்குக்குக் கறுப்புக் கடதாசி சுற்றியிருந்ததால் இடாப்பு மட்டும் வெளிச்சமாகக் கிடந்தது. வெளியே தென்னோலை சலசலத்தது. வார்டனின் பேனை கடதாசிக்கு மேலே நின்றது.

"பெரசன்ட், சேர்."

கோடு விழுந்தது. "கனகரத்தினம்" என்றார் வார்டன். கனகரத்தினத்திடமிருந்து மூன்றாம் முறை கூப்பிட்டபோதுதான் பதில் வந்தது.

நாலாவது கதிரைப் பக்கமிருந்து வந்தது என்று அல்பிரட் பிறகு சத்தியம் பண்ணினான். யன்னல் பக்கமிருந்து என்றான் கனகரத்தினம். இருவரும் தாங்கள் வாயே திறக்கவில்லை என்றார்கள். பதுர்தீன் லேஞ்சியை வெளியே இழுத்தான். அது சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. நாக்கில் உப்புக் கரித்தது.

அதற்குள் படலையில் யாரோ சிரிப்பது கேட்டது. மக்டலின். கடிதத்தை மடியில் செருகிக்கொண்டு நின்றாள்.

"கேட்டன், தம்பி! என்ட புள்ளைட குரல் எனக்குத் தெரியாதா? கடிதத்தில உள்ளதுதான் சரி. ஊரில எல்லாரும் என்னை விசராக்கிப் போட்டாங்க." கண்ணைத் துடைத்தாள். "என்னில கோவமா அவனுக்கு? சரி, படிக்கட்டும். முடிஞ்சு வரட்டும்."

"அம்மா, அது..." என்றான் பதுர்தீன்.

"பெட்டியும் இனி வேணாம். அவனே கொண்டு வருவான்."

அவள் நடந்து போனாள். போகும்போது பாட்டொன்றை முணுமுணுத்ததாகப் பாயிஸ் நானா சொன்னார்.

மறுநாள் காலையில் பதுர்தீன் வார்டனின் அறைக்கதவைத் தட்டாமலே உள்ளே போனான்.

"சேர், பஸ்தியானுக்குப் பதில் சொன்னது நான். ஒன்றரை வருஷமாக நான்தான். நேற்று மட்டும் நான் இல்லை. என் மாலைகளை எல்லாம் வெட்டிவிடுங்கள். அவன் இறந்துபோனான் என்று தாய்க்கு ஒரு வரி எழுதுங்கள்."

வார்டன் இடாப்பை மூடி அதன்மேல் கையை வைத்தார். "தம்பி" என்றார். இங்கிலீஷைவிட்டு அவர் தமிழுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. "உமது பேச்சை நான் ஏற்றால் இருநூறுக்கு மேற்பட்ட கோடுகளை அழிக்க வேண்டும். அழிக்கிறதுக்கு இந்த இடாப்பில் இடம் இல்லை. கோடுகள் பொய் என்றால் இடாப்பு பொய். இடாப்பு பொய் என்றால் நான் இருபத்திரண்டு வருஷம் என்ன செய்தேன்? யோசித்துப் பாரும். ஒன்றில் இடாப்பு பொய், ஒன்றில் நீர் பொய். நீர் இருபத்தொரு வயதுப் பொடியன். உமக்கு அது சுலபம்."

இருந்தாலும் அவர் நேர்மையான மனிதர். விஷயத்தைக் கொழும்புக்கு எழுதினார். நாலாம் நாள் கல்லூரிப் பதிவாளர் ரயிலில் புத்தளம் வந்து, மோட்டாரில் குறிஞ்சிப்பிட்டிக்கு வந்தார். சாப்பாட்டு அறையில் விசாரணை நடந்தது. நாலாவது கதிரையில் பதிவாளர் உட்காரப் போனபோது, "அது ஆளிருக்கிற கதிரை, சேர்" என்று பாயிஸ் நானா தடுத்து வேறு கதிரை கொண்டுவந்தார். பதிவாளர் நன்றி சொன்னார்.

கனகரத்தினம் உள்ளதை உள்ளபடி சொன்னான். "குரல் தானாக வருகுது, சேர். ஆள் இல்லை."

பதிவாளர் சட்டப் புத்தகத்தை எடுத்தார். "'பதில் வருதல்' என்றுதான் இருக்கிறது. எங்கிருந்து வரவேண்டும் என்று இல்லை. உங்கள் முறைப்பாடு என்ன, பதில் வருகிறது என்பதா? அது முறைப்பாடல்ல, ஒழுங்கு."

"உடம்பு கடலில, சேர்" என்றான் பதுர்தீன்.

பதிவாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கோபக்காரர் அல்ல, விளங்கப்படுத்துகிறவர். "கல்லூரி யாருடைய உடம்பையும் சேர்த்துக்கொள்வதில்லை, தம்பி. பெயரைத்தான் சேர்த்துக்கொள்கிறது. பெயருக்குத்தான் பட்டம் கொடுக்கிறது. உடம்போடு வருகிறவர்களால் எங்களுக்கு எவ்வளவு தொல்லை தெரியுமா? சோறு சரியில்லை என்பார்கள். விரிவுரை வரவில்லை என்பார்கள். பஸ்தியான் ஒன்றும் கேட்கவில்லை. எல்லோரும் அவரைப்போல் இருந்தால் இந்தக் கல்லூரியை நாங்கள் இன்னும் திறம்பட நடத்தலாம்."

விசாரணை முடிவு மூன்று வரியில் வந்தது. பஸ்தியான் இருக்கிறார். சக மாணவரை இல்லாதவராக்க முயன்றதற்காகப் பதுர்தீன் எச்சரிக்கப்படுகிறார். தவறாத வருகைக்கான பதக்கம் இவ்வருஷம் பஸ்தியானுக்கு.

மீதி மாலைகள் எப்படிப் போயின என்று பதுர்தீனால் சொல்ல முடியவில்லை. சில நாள் தான் பதில் சொன்னதாக நினைத்தான். சில நாள் அவன் வாய் திறக்குமுன் பதில் வந்துவிட்டதுபோல் இருந்தது. பகலில் பேசும்போதும் தொண்டை கரகரத்தது. "மச்சான், உன்ர குரலில கதை" என்று கனகரத்தினம் ஒருநாள் காதைப் பொத்திக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் மக்டலின் நண்டுக்கறி கொண்டுவந்தாள். மாணவனின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் பொருள் ஏற்பதில்லை என்று அது திருப்பி அனுப்பப்பட்டது. அவள் கோபிக்கவில்லை. "அவனுக்கு ரோசம் கூட" என்று பதுர்தீனிடம் சிரித்தாள். "முடியிற நாள் என்னண்டு சொல்லுங்க. அண்டைக்கு வீட்டில சமைக்கிறன்." உண்மையைச் சொல்ல அவன் இரண்டு தரம் வாயெடுத்தான். இரண்டு தரமும் அவள் முகம் அவன் குரலைக் கேட்டே மலர்ந்தது. சொல்லவந்ததை விழுங்கினான்.

கடைசி மாலை வந்தது. அன்றைக்குப் பெயர்ப் பட்டியலைக் கீழிருந்து மேலாக வாசிப்பது கல்லூரியின் மரபு. ஏன் என்று கல்லூரிக்கும் தெரியாது. பெயர் கூப்பிட்டதும் மாணவன் மேசைக்குப் போய், கையொப்பமிட்டு, பத்திரத்தையும் பெட்டிச் சாவியையும் வாங்க வேண்டும். பெட்டிகள் நாலும் சுவரோரம் வரிசையாக நின்றன. ரயிலுக்கு அனுப்பவேண்டியதைத் தூக்க ஒரு வண்டிக்காரன் வாசலில் காத்திருந்தான்.

முதலில் வார்டன் பேசினார். "நீங்கள் உலகத்துக்குள் போகிறீர்கள். உலகம் பெரியது, அங்கே யாரும் உங்கள் பெயரை மாலையில் கூப்பிட மாட்டார்கள். அப்போது இந்த விடுதியை நினைப்பீர்கள். இங்கே நீங்கள் பெற்றது கல்வி அல்ல. அதைத் தபால்காரரும் கொடுப்பார். இங்கே நீங்கள் பெற்றது இருப்பு." தானே இரண்டு தரம் கைதட்டினார்.

"கனகரத்தினம்."

கனகரத்தினம் போய்க் கையொப்பமிட்டு வாங்கினான்.

"பஸ்தியான்."

அறை அசையாமல் இருந்தது. வண்டிக்காரன் உள்ளே எட்டிப் பார்த்தான். மூன்றாவது பெட்டியின் மூடியில் வெள்ளைச் சாயத்தால் எழுதிய பெயரைப் பதுர்தீன் பார்த்தான். கொழும்பு. ஏழு வருஷம். நெருப்பு.

"பெரசன்ட், சேர்" என்றான். இம்முறை அவனேதான்; தெரிந்தே சொன்னான். எழுந்து மேசைக்கு நடந்தான். இடாப்பில் பஸ்தியான் என்று கையொப்பமிட்டான்.

பதக்கத்தைக் குத்துவதற்காக வார்டன் தலையை நிமிர்த்த வேண்டியிருந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் முறையாக ஒரு மாணவனின் முகத்தைப் பார்த்தார். அவருக்கே அது என்னவோபோல் இருந்திருக்க வேண்டும்; கண் கலங்கியது.

"நீர்தானா பஸ்தியான்? நல்ல முகம். நீர் இறந்துவிட்டதாகச் சிலர் என்னிடம் சொன்னார்கள். மனதில் வைத்துக்கொள்ளாதேயும்." கைகுலுக்கினார். "அடடா, கை ஏன் இப்படிக் குளிர்கிறது?"

பதக்கத்தை ஊசியோடு குத்திவிட்டு, சாவியைக் கொடுத்தார். பதுர்தீன் பெட்டியைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

"பதுர்தீன்."

"பிரசன்ட், சேர்" என்றான் பதுர்தீன்.

வார்டன் மறுபடி நிமிர்ந்தார். பார்க்கத் தெரிந்துகொண்டவர் இனிப் பார்க்காமல் இருப்பாரா? "பஸ்தியான்!" என்றார், நெஞ்சு உடைந்தவர்போல. "பதக்கம் குத்திய கை இன்னும் சூடாறவில்லை. அதற்குள் மற்றவன் பெயருக்குப் பதில் சொல்கிறீரா? அதுவும் என் கண் முன்னால்?"

அல்பிரட் எழுந்துவிட்டான். "சேர், இவன்தான் சேர் பதுர்தீன்!"

"அப்படியானால் இங்கே கையொப்பமிட்டது யார்? அது கள்ளக் கையொப்பமா? பெட்டியைத் திரும்ப வாங்கவா?"

அல்பிரட் பதுர்தீனைப் பார்த்தான். பெட்டியை இறுக்கிக்கொண்டு, பதுர்தீன் மெதுவாகத் தலையை ஆட்டினான். வேண்டாம். அல்பிரட் உட்கார்ந்தான். உட்கார்ந்த பிறகு அழுதான்.

"பதுர்தீன் கடைசி மாலையில் சமூகமளிக்கவில்லை" என்று வார்டன் சொல்லிக்கொண்டே எழுதினார். "ஆகவே அவருடைய மாலைகள் இருநூற்று நாற்பது ஆகவில்லை. தகப்பனுக்கு அறிவிக்கப்படும். வருத்தமான விஷயம். அந்தப் பிள்ளை நடுவில் கொஞ்சம் குழப்பக்காரன்; ஆனால் இப்படிச் சொல்லாமல் போவான் என்று நான் நினைக்கவில்லை." பிறகு, "அல்பிரட்" என்று கூப்பிட்டார்.

விடிந்ததும் மூவரும் சந்தியில் பிரிந்தார்கள். பஸ் புத்தளத்துக்குப் போகிறது. மற்ற இருவரும் அதில் ஏற வேண்டும். ஒன்றரை வருஷம் ஒரே கூரையின் கீழ் படுத்தவர்களுக்கு, கடைசியில், பஸ் எப்போது வரும் என்பதைத் தவிரப் பேச ஒன்றும் அகப்படவில்லை.

"உன்ர வாப்பாவுக்கு நான் வந்து சொல்லுறன்" என்றான் கனகரத்தினம். "கடிதம் வரமுந்தி."

"என்னண்டு சொல்லுவாய்?"

"நீ உயிரோட இருக்கிறாய் எண்டு."

பதுர்தீன் சிரித்தான். கரகரவென்றுதான் வந்தது. அல்பிரட் அவன் சட்டையிலிருந்த பதக்கத்தைக் கழற்றி, என்ன செய்வதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினான்.

பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு மணல் பாதையில் பதுர்தீன் தனியே நடந்தான். வீட்டு முற்றத்தில் மக்டலின் நண்டு உடைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு சட்டி அடுப்பில் இருந்தது. புதுப் பாய் விரித்திருந்தது.

"வாங்க, தம்பி! முடிஞ்சுதா?" அவனுக்குப் பின்னால் பாதையைப் பார்த்தாள். "பெட்டிய உங்களிட்டக் குடுத்துப்போட்டு எங்க நிக்கிறான்?"

பதுர்தீன் பெட்டியை இறக்கி வைத்தான். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். சனிக்கிழமைகளைச் சொன்னான். இருபத்தாறு மாலைகளைச் சொன்னான். எதற்காகச் சொல்லாமல் இருந்தான் என்பதையும் மறைக்காமல் சொன்னான். மக்டலின் அவன் குரலையே பார்த்துக்கொண்டிருப்பவள்போல அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அந்த வெள்ளிக்கிழமை?" என்றாள். "நான் படலையில நிக்கையில?"

"அண்டைக்கு என்ட வாயில லேஞ்சி இருந்திச்சு, அம்மா. அது யாரெண்டு எனக்குத் தெரியா. அல்லாஹ்மேல ஆணை."

அவள் கையைக் கழுவினாள். பெட்டியைத் திறந்து வெள்ளைக் கோட்டை எடுத்தாள். மடிப்புக் கலையவில்லை. அதை மார்போடு வைத்துக்கொண்டு கரைக்கு நடந்தாள். அவனும் பின்னால் போனான். அலை காலைத் தொடுகிற இடத்தில் நின்றாள்.

"நான் கூப்பிடப் போறன்" என்றாள். "நீங்க வாயத் திறக்கக்கூடாது. என்ன வந்தாலும் திறக்கக்கூடாது."

"ஓம்" என்றான் அவன். அதற்குப் பிறகு வாயை மூடிக்கொண்டான்.

"பஸ்தியான்!"

கரையிலே வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பதுர்தீனின் தொண்டைக்குள் ஏதோ ஒன்று எழும்பி வந்தது. பல்லை இறுக்கினான். அலை வந்து போனது.

"பஸ்தியான்! மகன்!"

கவிழ்ந்து கிடந்த வள்ளத்தின்மேல் ஒரு காகம் இருந்தது. அது பறந்தது. நாக்கில் உப்புக் கரிப்பதைப் பதுர்தீன் உணர்ந்தான். தன் கண்ணீர் என்று கொஞ்சம் பொறுத்துத்தான் விளங்கியது.

மூன்றாம் முறை அவள் சத்தமாகக் கூப்பிடவில்லை. பக்கத்து அறையில் தூங்குகிறவனை எழுப்புகிறதுபோல் மெல்லச் சொன்னாள். சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். வெயில் ஏறி அவள் நிழல் காலடிக்கு வரும் வரை காத்திருந்தாள். கடல் தன்பாட்டில் இரைந்துகொண்டிருந்தது. வேறொரு சத்தமும் இல்லை.

"இல்ல" என்றாள் மக்டலின்.

கோட்டின் கழுத்துப் பட்டியை நீவிவிட்டாள். பிறகு அவன் பக்கம் திரும்பினாள்.

"கோயிலுக்குப் போய்ச் சொல்லுங்க, தம்பி. துக்க மணி அடிக்கட்டும்."

"யாருக்கெண்டு கேட்டா?" என்றான் பதுர்தீன். குரல் அவனுடையதாகவே வந்தது.

"என்ட மகனுக்கு எண்டு சொல்லுங்க."

அவன் மணலில் ஓடினான்.